ஏரிக்கரை வளைவில் சாயாத கார்

நான்கு வருடம் இரவு ஷிஃப்டில் ஸ்பிரிங் அமுக்கினேன். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம், கார்களுக்கு ஸ்பிரிங் செய்கிற கம்பெனி. ஒவ்வொன்றாக இயந்திரத்தில் நிறுத்தி, எவ்வளவு எடைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துப் பச்சைப் புள்ளி வைப்பது என் வேலை. பகலில் தூக்கம் வராமல் போனதும் ஒருநாள் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். ஜூன் மாதத்துக்குள் வேறு வழி பார்க்காவிட்டால் திரும்பக் கம்பெனி பஸ் ஏறு என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த பஸ்ஸை நினைத்தாலே எனக்கு வாய் கசக்கும்.

என்னிடம் ஒரு பழைய சின்ன கார் இருந்தது. கூட வேலை பார்த்த லோகு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரன். அவன் அக்கா வச்சலா காலையில் கரையில் மீன் ஏலம் எடுத்து, செங்கல்பட்டு மார்க்கெட்டில் விற்கிறவர். அவருடன் வேண்டா, ஷீலா என்று இரண்டு பெண்கள். மீன் கூடையைப் பார்த்தாலே கண்டக்டர் விசில் ஊதிவிடுவதால் பஸ் கிடையாது. தேசப்பனின் ஓட்டை வேன்தான். அவன் நினைத்த நேரத்துக்கு வருவான். ஒரு மாதம் ஓட்டிப் பார், சரியாக இருந்தால் தினம் உனக்கே என்றார் வச்சலாக்கா. சரியாக இருந்தால் பக்கத்துக் குப்பத்துப் பெண்களும் வருவார்கள். நான் பஸ் ஏற வேண்டாம்.

டிக்கியில் நான்கு அலுமினிய அன்னக்கூடை, பின் சீட்டில் இரண்டு பேர் மடியில் ஆளுக்கொன்று. திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஏரிக்கரையில் மூன்று வளைவு. அங்கே கார் ஒரு பக்கமாகச் சாயும். ஐஸ் தண்ணீர் தளும்பி வேண்டாவின் புடவையை நனைக்கும்.

"கடலுக்கே போவாத என்கு நீ தெனம் கடலக் காட்டிக்கினு கீற தம்பி," என்றார் வச்சலாக்கா. "வளைவுல கொஞ்சம் மெதுவா போயேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். எனக்குக் காதில் விழுந்தது வேறு. நாலு வருடம் ஸ்பிரிங் பார்த்தவன் வண்டி சாய்கிறது என்று ஒருவர் சொன்னால், மெதுவாகப் போவதா அதற்குப் பதில்?

கம்பெனியில் கடைசியாகக் கொடுத்த பணம் முழுவதையும் அதில் போட்டேன். குட்டையான, விறைப்பான நான்கு ஸ்பிரிங். அதற்கேற்ற ஷாக் அப்சார்பர். இரண்டு பக்கச் சக்கரங்களையும் பிணைக்கிற தடித்த கம்பி. அகல டயர். என் அத்தை மகன் ஸ்டான்லி செங்கல்பட்டில் ஷெட் வைத்திருக்கிறான். மாட்டிக்கொண்டே முனகினான்.

"இஞ்சின் அப்டியே கீது, பிரேக்கு அப்டியே கீது. இதுக்கு எதுக்கு மச்சான் ரேஸ் காரு காலு?"

எடை கீழே இறங்கினால் வளைவில் சாயாது என்று கணக்கோடு விளக்கினேன். வண்டி இரண்டு அங்குலம் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல், தனியாக ஏரிக்கரைக்கு ஓட்டிப் போனேன். மூன்று வளைவையும் அறுபதில் எடுத்தேன். தண்டவாளத்தில் போவது போல இருந்தது. திரும்ப வந்து இன்னொரு தடவை எடுத்தேன். அந்த வருடத்தில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று தோன்றியது.

திங்கட்கிழமை மூன்று பேரும் ஆறு கூடையும் ஏறினார்கள். வளைவுகளில் ஒரு சொட்டுத் தளும்பவில்லை. வச்சலாக்கா திரும்பிக் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவரிடமிருந்து அதுவே பெரிது.

அடுத்து, பள்ளிக்கூடத்து வாசல் வேகத்தடை. வண்டியின் வயிறு அதன் மேல் உட்கார்ந்து, ஏதோ கிழிகிற மாதிரி சத்தத்தோடு நகர்ந்தது. ஷீலா காலைத் தூக்கிக்கொண்டார். இரண்டாவதில் சைலன்சர் அடிபட்டது. மூன்றாவதில் நானே வண்டியை நிறுத்தி, கொஞ்சம் இறங்கிக்கோங்க என்றேன்.

அதற்குப் பிறகு அதுதான் நடந்தது. மடிக்கூடையோடு மூன்று பேரும் இறங்குவார்கள். நான் வண்டியைக் குறுக்காக வைத்து ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவேன். அவர்கள் நடந்து வந்து ஏறுவார்கள். செங்கல்பட்டு வரை மொத்தம் பதினொரு வேகத்தடை. நான்கு வருடம் எடை வைத்து வைத்து ஸ்பிரிங்கைப் பார்த்தவன், என் வண்டியைக் காலியாக ஓட்டிப் பார்த்து நல்லா இருக்கிறது என்று முடிவு செய்திருந்தேன்.

ஏழாவதில் டீக்கடைக்காரர் ஒருவர், வண்டி தள்ளணுமா என்று கேட்டபடி வந்தார்.

"வாணாங்க, வேண்டுதல்," என்றார் வேண்டா. "ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் எறங்கிக் கும்புட்டுக்கினே வர்றோம்."

ஷீலா சிரித்தார். வச்சலாக்கா சிரிக்கவில்லை. அவருக்கு மார்க்கெட்டில் முதல் போணி கண்ணாயிரம் கையால்தான். மெஸ் நடத்துகிறவர், தினம் ஏழு மணிக்கு வஞ்சிரம் வாங்குவார். அவர் கைராசியில் ஆரம்பித்தால்தான் அன்றைக்குக் கூடை காலியாகும் என்பது வச்சலாக்காவின் நம்பிக்கை. நாங்கள் போய்ச் சேரும்போது அவர் வேறு ஆளிடம் வாங்கிக்கொண்டு போயிருந்தார். போணி ஆனது ஒரு கிழவனிடம். கால் கிலோ நெத்திலிக்குப் பத்து நிமிடம் பேரம் பேசினான்.

மத்தியானம் வச்சலாக்காவின் கூடையில் பாதி மீன் அப்படியே கிடந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"உன்ன இன்னா கேட்டேன்?"

மெதுவாகப் போகச் சொன்னீர்கள் என்றேன்.

"அதுக்கு டப்பு ஆவாதில்ல. அப்றம் எதுக்கு வண்டியப் போட்டு மாத்தின?"

பதில் இருந்தது. எடை, உயரம், சாய்மானம் எல்லாம் எண்ணோடு இருந்தது. பாதிக் கூடை மீனுக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கே பழைய ஸ்பிரிங்கை மாட்டிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். பாக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் மீன் மேல் தண்ணீர் தெளிக்கத் திரும்பினார்.

ஸ்டான்லி ஷெட்டில் பழைய ஸ்பிரிங் இல்லை. சனிக்கிழமையே பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போயிருந்தான். வேற தேட ரெண்டு நாள் ஆகும் என்றான். நான் சொன்னேனே என்று அவன் சொல்லாதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அப்படியே கிளம்பிப் போனேன். ஒரே ஒரு கூடை குறைவாக ஏற்றினால் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். கரையில் லோகு மட்டும் நின்றிருந்தான். பத்து நிமிடம் முன்னால்தான் தேசப்பன் வேனில் போய்விட்டார்கள்.

"அந்த வேனு ஆடும்தாண்டா," என்றான். "ஆனா எவளும் எறங்கி நடக்க வாணாம் பாரு." கம்பெனி ஷிஃப்ட் சூப்பர்வைசர் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றும் சொன்னான்.

ஏரிக்கரையில் வேனைப் பிடித்துவிட்டேன். வளைவில் ஒரு பக்கமாகப் படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தது. பின் கதவு வழியாக ஐஸ் தண்ணீர் ரோட்டில் கோடு போட்டது. உள்ளே மூன்று பேரும் கூடையைக் கட்டிப் பிடித்திருந்தார்கள். மூன்றாவது வளைவின் வெளிப்பக்கமாகவே நான் முந்தினேன். ஸ்டியரிங் கையில் அசையவில்லை. பக்கத்து சீட்டில் நிற்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில்கூட விழவில்லை. வச்சலாக்கா பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்து வாசல் வந்தது. முந்தாநாள் காலியாகத் தாண்டிய வண்டிதான், ஆனால் நேற்று அடிபட்ட சைலன்சர் இப்போது கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நடக்கிற வேகத்துக்கு இறங்கி, வண்டியைக் குறுக்காகத் திருப்பி, முன் இடது சக்கரத்தை மெல்ல ஏற்றினேன். பின்னால் தேசப்பன் ஹாரன் அடித்தான். பிறகு ஓரமாக விலகி, வேகத்தடை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு தாண்டிப் போனான். என் கண்ணாடியில் ஐஸ் தண்ணீர் தெறித்தது. வைப்பரைப் போட்டேன். செங்கல்பட்டுக்கு இன்னும் பத்து வேகத்தடை பாக்கி இருந்தது.