முப்பத்தெட்டாம் சத்தம்

1

இந்தக் கதை ஒரு இஸ்திரிப் பெட்டியில் தொடங்கியது. பழைய சிந்தசைசர்களை ரிப்பேர் செய்யும் கடையொன்றில், மேசைமேல், திருப்புளிகளுக்கும் ஈயக் கம்பிச் சுருளுக்கும் நடுவே அது நின்றுகொண்டிருந்தது. அதற்கு அங்கே என்ன வேலை என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன், உங்களுக்கும் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கும்.

முதல் வரிக்கு மூன்று எழுதிப் பார்த்தேன்.

"அவள் தப்பு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை..." (மொட்டையாக இருக்கிறது. அது தப்புதானா என்பதிலும் எனக்குச் சந்தேகம்.)

"இயந்திரங்களுக்கும் ஞாபகம் உண்டு, மனிதர்களைப் போலவே அவையும்..." (பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம்.)

"ரிப்பேர் அக்காவைத் தெரியாத கீபோர்டுக்காரர் அங்கே யாருமில்லை."

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

2

ரிப்பேர் அக்காவைத் தெரியாத கீபோர்டுக்காரர் அங்கே யாருமில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமாக ஒரு கடை. பக்கத்துக் கடையில் அவள் புருஷன் ஜெராக்ஸ் மெஷின் வைத்திருக்கிறார். இடையில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

சிந்தசைசர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பார்க்க ஆர்மோனியம் போலக் கட்டைகள் இருக்கும். ஆனால் சத்தம் தயாராக இருக்காது. குமிழ்களைத் திருகித் திருகி நாமே ஒரு சத்தத்தை உண்டாக்க வேண்டும். பிடித்த மாதிரி வந்துவிட்டால் ஒரு எண்ணைக் கொடுத்து உள்ளே சேமித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். இதற்குமேல் விளக்கினால் கதை காலாவதியாகிவிடும்.

"புதுசா வர்ற மெஷினுக்கெல்லாம் ஒரே வியாதி. ஒயர் சொருகுற ஓட்டை உடைஞ்சிருக்கும்" என்பாள் அக்கா. "பழசுதான் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு குணம்."

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பழைய கருவி வந்தாலும், முதல் திருகைக் கழற்றுமுன் ஒரு கேள்வி கேட்பாள். "உள்ள நீங்க பண்ணி வச்ச சத்தம் ஏதாவது இருக்கா?" இருக்கிறது என்றால் அதை முதலில் ஒரு கேசட்டில் பதிந்துகொள்வாள்.* பிறகுதான் திறப்பாள்.

(* அந்தக் காலத்துக் கருவிகளின் ஞாபகம் மொத்தமும் ஒரு பொட்டு அளவு பேட்டரியின் தயவில் இருக்கிறது. அதைக் கழற்றினால் எல்லாம் போய்விடும். கேசட்டில் எடுத்து வைத்திருந்தால் திரும்ப ஏற்றலாம். இப்போது வருகிற கருவிகளுக்கு இந்தப் பயமே இல்லை. மெஷின் எரிந்து கரியானாலும் சத்தம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும். அதற்காக இப்போதைய ஆட்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று சொல்லவில்லை. சொல்லத்தான் செய்கிறேன்.)

3

வாடிக்கையாளரை முதலில் ஒரு பெண்ணாக எழுதினேன். இறந்துபோன தம்பியின் கருவியைத் தூக்கிக்கொண்டு அவள்... வேண்டாம். அந்தப் பெண் பேசவே மாட்டேன் என்கிறாள். நான் எழுதிக் கொடுத்ததையெல்லாம் துணிக்கடை பொம்மை மாதிரி நின்று கேட்டுக்கொள்கிறாள். அவளை அனுப்பிவிட்டு ஒரு பெரியவரை வைக்கிறேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் வெள்ளைச் சட்டைதான், மடிப்புக் கலையாமல்.

திங்கட்கிழமை காலை அவர் கருவியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு கட்டை மாட்டிக்குதும்மா. அமுக்கினா மேல வர மாட்டேங்குது."

"பாத்துடலாம் சார். உள்ள நீங்க பண்ணி வச்ச சத்தம் ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தொறந்தப்புறம் கேட்டா நான் பொறுப்பில்ல."

"ஒண்ணுமில்லம்மா."

மின்சாரம் கொடுத்தாள். பெரியவர் பழக்கத்தில் இரண்டு பொத்தான்களை அழுத்தினார். சிவப்பில் 38 என்று எரிந்தது. பழுதான கட்டையை விரலால் அமுக்கிக் காட்டினார்.

'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். சூடான துணியில் தண்ணீர் தெளித்தது போல. அது அடங்க அடங்க அடியிலிருந்து ஒரு கனமான ரீங்காரம் எழுந்து, மெல்ல மேலே போய், மெல்லக் கீழே வந்தது. பெரியவர் விரலை எடுத்துவிட்டார். கட்டை எழவில்லை. சத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தீங்களாம்மா, இதுதான்."

"புரிஞ்சிடுச்சு சார்" என்று அக்கா ஒயரைப் பிடுங்கினாள்.

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டது ஒரே ஒரு முறை. அதன் தொடக்கத்தைக் கேட்டாள், நடுவைக் கேட்டாள். கட்டை மாட்டிக்கொண்டதால், விரல் எடுத்தபின் அது எப்படி முடியும் என்பதை அவள் கேட்கவில்லை.

4

செவ்வாய்க்கிழமை காலை திறந்தாள். கட்டையின் கீழே ரப்பர் இற்றுப்போயிருந்தது. அது சின்ன வேலை. ஓரத்தில் பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருந்ததையும் பார்த்தாள். விட்டால் பலகையையே அரித்துவிடும். பெரியவர் கேட்காத வேலைதான். மனசு கேட்காமல் அதையும் கழற்றிப் புதிதாக ஒன்றை ஈயத்தால் பற்றவைத்தாள். உள்ளே எல்லாம் காலி. கம்பெனி மாதிரிக்குக் கொடுத்த சத்தங்களைத் தன்னிடமிருந்த கேசட்டிலிருந்து ஏற்றிவிட்டு, கை துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அம்மா, நேத்து ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். முப்பத்தெட்டு. அதை மட்டும் கொஞ்சம் பத்திரமாப் பாத்துக்கங்க."

அக்கா கை துடைத்த துணியைக் கீழே வைத்தாள்.

"என் பொண்ணு பண்ணது. நான் தினமும் டியூட்டிக்குச் சட்டை இஸ்திரி போடுவேன்ல, அந்தச் சத்தத்தைக் கேலிக்குப் பண்ணி வச்சா. 'அப்பா, நீங்க இதுல இருக்கீங்க'ன்னா."

"இப்ப பொண்ணு எங்க சார் இருக்காங்க?"

"இல்லம்மா. எட்டு வருஷமாச்சு."

அக்கா கழற்றிப் போட்ட பழைய பேட்டரியைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். 'நீங்கதானே சார் ஒண்ணுமில்லன்னீங்க' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நியாயம் அவள் பக்கம் இருந்தது. "சரி சார், பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

5

இனிமேலும் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை. அந்தப் பெரியவர் நான்தான்.

என் மகளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மூன்று நாள் காய்ச்சல். அதைப் பற்றி இந்தக் கதையில் இவ்வளவுதான் எழுத முடியும். (இதற்குப் பிறகு ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

ஏன் "ஒண்ணுமில்ல" என்று சொன்னேன் என்று கேட்பீர்கள். "என் மகள் செய்த சத்தம் இருக்கிறது" என்று சொன்னால், "பொண்ணு என்ன பண்றாங்க" என்பதுதான் அடுத்த கேள்வி. எட்டு வருடமாக அந்தக் கேள்விக்கு நான் வாசலே திறப்பதில்லை. மறுநாள் மனசு பிசைந்து போன் செய்தேன். ஒரு நாள் தாமதம். அழித்தது அவள் கை. அழிக்கச் சொன்னது என் வாய்.

அவள் கடைக்குள் நடந்தது உனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கலாம். தெரியாது. கையில் இருப்பவை இரண்டே சாட்சி. ஒன்று, இஸ்திரிப் பெட்டி. இன்னொன்று, அவள் கொடுத்த ரசீதுச் சீட்டு. "கட்டை சரி செய்யப்பட்டது" என்பதற்குக் கீழே, பொடி எழுத்தில், "பேட்டரி மாற்றப்பட்டது" என்று எழுதியிருந்தாள். வாயால் சொல்ல முடியாததை அந்த இரண்டு வார்த்தையில் மென்று விழுங்கியிருக்கிறாள். மீதியை நான் இட்டு நிரப்புகிறேன்.

6

புதன்கிழமையிலிருந்து அவள் வேறு வேலை தொடவில்லை. வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். புருஷனின் சட்டையை மேசையில் விரித்து, தண்ணீர் தெளித்து, பெட்டியை வைத்து, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள். ஓடிப்போய்க் குமிழைத் திருகினாள். திரும்ப வந்து தேய்த்தாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஏம்மா, மூணு நாளா ஒரே சத்தத்தைப் போட்டு உயிரை வாங்குற. என்ன அது?"

"இஸ்திரி போடுற மாதிரி இருக்காங்க?"

"இருக்கு, இருக்கு. என்கிட்ட இருக்கிற சட்டையெல்லாம் தேச்சு முடிச்சுட்ட. இனி என்னையே படுக்கப் போடு." எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டார். "சொல்லிடேன் அவர்கிட்ட."

"சொன்னா திரும்ப வருமா?"

"நகல் எடுக்கறது என் தொழில்மா. ஒண்ணு சொல்றேன். ஒரிஜினல் கையில இல்லாம எவனாலயும் எடுக்க முடியாது."

"காதுல இருக்குங்க. அவர் அமுக்கிக் காட்டுறப்ப ஒரு தடவை கேட்டேன்ல."

காதில் இருந்தது உண்மைதான். முதல் 'ஸ்ஸ்ஸ்' வெள்ளிக்கிழமை மதியம் பிடிபட்டது. ரீங்காரம் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. விரலை எடுத்தால் என்ன ஆகும் என்பதில்தான் அவள் நின்றுவிட்டாள். எப்படி முடித்திருப்பாள் அந்தப் பெண்? இறந்துபோன பிள்ளையின் சத்தத்தைப் பட்டென்று நிறுத்த அக்காவுக்கு மனம் வந்திருக்காது. மெல்ல, மெல்லத் தேய்ந்து, இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாதபடி அடங்குகிற மாதிரி வைத்தாள்.

7

சனிக்கிழமை போனேன். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

"போட்டுப் பாருங்க சார்."

முப்பத்தெட்டைப் போட்டேன். கட்டையை அமுக்கினேன். 'ஸ்ஸ்ஸ்.' என் முதுகெலும்பு நிமிர்ந்தது. பிறகு அந்த ரீங்காரம், மேலே, கீழே. சத்தியமாகச் சொல்கிறேன், அது என் மகள்தான். ஒரு இழை பிசகவில்லை. பெட்டியைப் பார்த்ததும் வந்த சந்தேகம்கூடப் போய்விட்டது.

விரலை எடுத்தேன். கட்டை அழகாக மேலே வந்தது. சத்தம் தேய்ந்து, தேய்ந்து, போயிற்று.

என் மகள் செய்ததில் கடைசியில் 'டக்' என்று ஒன்று வரும். நான் பெட்டியைத் தூக்கித் தாங்கியில் வைக்கும் சத்தம். அதோடு சட்டென்று நின்றுவிடும். "டியூட்டிக்கு டைமாச்சு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டையை விட்ட என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதேதான்மா" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள்.

8

என் மனைவி கருவி இருக்கும் அறைக்குள் வருவதில்லை. நான் வாசித்தால் சமையலறையில் பாத்திரம் உருட்டுவாள். சில நாள் கழித்து ஒருமுறை மட்டும் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"கடைசியில 'டக்'குன்னு வருமே?"

"இல்லையே, இப்படித்தான் இருந்துச்சு."

"வரும். எனக்குத் தெரியாதா?"

"உனக்கு மறந்துபோச்சு" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே கேவலமானது அது. அவள் திரும்பிப் போய்விட்டாள். பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அன்று மதியம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

9

முடிவுகள் கைவசம் சில இருக்கின்றன.

அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொல்லிவிடுகிறாள். நானும் "ஒண்ணுமில்லன்னு சொன்னது நான்தானேம்மா" என்று அழுகிறேன். (அழுகை எனக்கு எழுத வராது. அவள் புருஷன் தடுப்புக்குப் பின்னால் நின்று ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவார்.)

பரண்மேல் ஒரு கேசட் கிடைக்கிறது, மகள் தன் கையெழுத்தில் '38' என்று எழுதியது. (பரணில் ஏறித் தேடினேன். பதினொரு கேசட். எல்லாம் ரேடியோவில் பிடித்த பாட்டு.)

குமிழைத் திருகி அந்த 'டக்'கை நானே வைத்துக்கொள்கிறேன். இது நடக்கக் கூடியதுதான். எந்தக் குமிழ் என்றுகூட எனக்குத் தெரியும், மகள் சொல்லித் தந்திருக்கிறாள். ஆனால் நான் தொட்டால் முதல் பாதி என் மகளுடையது, நடுவே அக்கா, கடைசியில் நான் என்று... அதைவிட, எனக்கு ஒரு பயம். அந்த 'டக்' எவ்வளவு பலமாக இருக்கும் என்று இப்போதே எனக்குச் சரியாக நினைவில்லை. தினமும் இந்தப் புதிய முடிவைக் கேட்டுக் கேட்டு, அது பழையதன்மேல் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் என் மனைவியிடம் நான் சொன்ன பொய் எனக்கு உண்மையாகிவிடும்.

கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தி, ஒரே முறை கேட்டதை வைத்து, மூன்று நாள் என் மகளைத் தேடியிருக்கிறாள்.

10

இந்தக் கதையை வலது கையால் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது கை கட்டையின்மேல் இருக்கிறது. முப்பத்தெட்டு ஒலித்துக்கொண்டிருக்கிறது, மூன்றாவது பகுதியிலிருந்தே.

சின்ன ஒரு கணக்கைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். விரலை எடுக்காதவரை இது என் மகள் செய்தது. நான் இதில் இருக்கிறேன், சட்டையைத் தேய்த்துக்கொண்டு. விரலை எடுத்த மறுகணம் அது அக்காவுடையது. எனவே எடுக்காமல் இருக்கிறேன். ஆனால் கை மரத்துப்போய்விட்டது.

சமையலறையிலிருந்து மனைவி கூப்பிடுகிறாள். இரண்டாவது முறையாகக் கூப்பிடுகிறாள். நான் போய் அவளிடம், 'நீ சொன்னதுதான் சரி, 'டக்'குன்னு ஒண்ணு வரும்' என்று சொல்லவேண்டும். எவ்வளவு பலமாக வரும் என்று அவளைக் கேட்கவேண்டும். அவளுக்கு நினைவிருக்கும்.

இதோ, இந்தக் கட்டைதான். நான் வரும்வரை நீங்கள் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். விரலை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.