வெள்ளைத் துணியில் வெள்ளைப் பசை

தோல் பைப் பட்டறையில் காலையிலேயே ரகளை. கடைக்குப் போன பைகளெல்லாம் உள்துணி பிரிந்து திரும்பி வந்திருந்தன. பட்டறைக்காரர் ஒன்றைத் தூக்கி மனைவி முன்னால் விட்டெறிந்தார்.

"பாத்தியா உன் தண்ணிப் பசையோட லட்சணத்த! நாளைக்கே பழைய பசை டின்ன இறக்கறேன். எவ தடுக்கறான்னு பாக்கறேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய பசையாம், பழைய பசை! அந்த நெடியில் வருடக்கணக்காக உட்கார்ந்து ஒட்டித்தானே அவள் தங்கைக்குக் கைகால் மரத்துப்போனது? அடுப்பு மூட்டாமல் கிடந்து, சண்டை போட்டு, நெடி இல்லாத இந்தத் தண்ணிப் பசையை வரவழைத்தவள் அவள். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று தங்கையே சொல்லியிருந்தாள்.

பையைப் பிரித்துப் பார்த்தாள். தோல் பக்கம் பசை ஒழுங்காகப் படிந்திருந்தது. துணிப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. இரண்டு பக்கமும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் சூடுகாட்டி அழுத்த வேண்டும். யாரோ ஈரத்தோடு அழுத்தியிருக்கிறார்கள்.

துணிக்குப் பசை பூசுவது தங்கை. அக்கா அவள் மேஜைக்கு விடுவிடுவென்று போனாள்.

"ஏண்டி, கண்ண பொடனியிலயா வச்சிருக்க? ஈரத்தோடயே அனுப்பியிருக்க!"

"கறுப்புத் தோல்ல காஞ்சா வெள்ளை மறைஞ்சிடும், தெரியும்கா. வெள்ளைத் துணியில வெள்ளைப் பசை, எப்படித் தெரியும்?"

"தொட்டுப் பாத்துத் தொலைக்க வேண்டியதுதானே!"

"தொட்டுத்தான் பாக்கறேன். இந்தா, இது காஞ்சாச்சு" என்று தங்கை துணியில் விரலை வைத்து எடுத்தாள். விரலோடு பசை நூலாக நீண்டு வந்தது.

அக்கா அந்த விரலைப் பிடித்து நகம் இறங்கக் கிள்ளினாள். தங்கை முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"சரியாயிடுச்சுன்னு சொன்னியேடி, பாவி!"

"சொல்லலன்னா அத்தான் வேலைய விட்டு அனுப்பிடுவாரேக்கா."

பின்னாலேயே வந்திருந்த பட்டறைக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்போ பழைய பசைதான் இவளுக்குச் சரி. காஞ்சா நெடி குறையும், மூக்காலயே கண்டுபிடிச்சிடுவா."

அவ்வளவுதான். அவர் கையையும் இழுத்துப் பிடித்து, அதே நகத்தால் ஒரு கிள்ளு. "ஐயோ!" என்று அலறினார்.

"வலிக்குதுல்ல? குடுத்து வச்சவரு! அந்த டின்னு வாசப்படி ஏறுச்சுன்னா நீங்களே உக்காந்து பூசுங்க. நானும் இவளும் கெளம்பறோம்."

அவர் கையைத் தடவிக்கொண்டே போய், பசைக்கடைக்குப் போன் செய்து டின் வேண்டாம் என்றார்.

தங்கை விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். கிள்ளிய இடத்தில் ரத்தம் வந்து வெள்ளைத் துணியில் பட்டுக்கொண்டிருந்தது. அக்கா சொல்லும்வரை அவளுக்குத் தெரியவில்லை.