அக்னெஸ் மாமியின் உரத்த செபம்

அன்டன் பெல்ட்டைக் கழற்றினால் அவனுடைய தாய் அக்னெஸ் செபமாலையைக் கையில் எடுப்பாள். கனடாவில், மொன்ட்ரியால்-நோர் பகுதி அடுக்குமாடியில் அந்த வீட்டின் ஒழுங்கு அது. மகன் அறைக்குள் மனைவி ஜெயனியை அடிப்பான். தாய் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுத் தொண்டை கிழியச் செபம் சொல்லுவாள். அலறல் வெளியே கேட்காது. பக்கத்து வீட்டு ஹெயிட்டிக்காரர்கள், தமிழ்ச் சனம் எவ்வளவு பக்தியான சனம் என்று மெச்சிக்கொண்டார்கள். பக்தியாம், மண்ணாங்கட்டி!

அன்டன் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவன். கையில் பலத்துக்குக் குறைவில்லை. கறியில் உப்புக் கூடியதென்று ஜெயனியின் தலையைப் பிரிட்ஜ் கதவில் மோதினான். சிரித்துக் கதைத்தாளென்று மணிக்கட்டை முறுக்கினான். அவள் வாசலுக்கு ஓடினால் அவன் துரத்துவதில்லை. குசினி டெலிபோனைத் தூக்கிக் காட்டுவான், அவ்வளவுதான்.

"போடி, பொலிசிட்டைப் போ. நான் இமிகிரேசனுக்கு ஒரு கோல் அடிச்சால் நாளைக்கே உன்னைப் பிளேனில ஏத்துவாங்கள். ஸ்பொன்சர் பண்ணினவன் நான்!"

ஜெயனி நின்றுவிடுவாள். அப்போது ஊரில், இலங்கையில், சண்டை மறுபடி மூண்டிருந்தது. மன்னாரில் அவளுடைய தமையனை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிப் போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. அங்கே போய்ச் சாவதைவிட இங்கே அடி வாங்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்புக்கு ஒருநாள் ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். அவர் பேசியதைத் தமிழில் சொல்ல, சென்னையிலிருந்து படிக்க வந்திருந்த பார்கவியும் வந்திருந்தாள்.

"அக்கா, கையில என்ன?"

"கதவில அடிபட்டது, தங்கச்சி."

"கதவு விரல் அடையாளமா வைக்கும்?"

ஜெயனி வாய்விட்டு அழுதாள். எல்லாவற்றையும் கொட்டினாள். பார்கவி வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஏர்போர்ட்ல இறங்கினப்பவே உங்களுக்கு பி.ஆர்., அதான் நிரந்தரமா தங்குற உரிமை, குடுத்துட்டாங்கல்ல? இனிமே அவரால ஸ்பான்சர வாபஸ் வாங்கி உங்கள அனுப்ப முடியாதாம். பி.ஆர். கிடைக்காதவங்ககூட, அடி தாங்காம வெளிய வந்தா, மனிதாபிமான அடிப்படையில இங்கேயே இருக்க மனு போடலாமாம். பயப்படாதீங்கக்கா."

பஸ்ஸில் வரும்போது ஜெயனி தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஒரு வெத்து டெலிபோனுக்கா இத்தனை நாள் காலில் விழுந்தாள்!

குசினியில் அக்னெஸ் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"மாமி, அவரால என்னை அனுப்ப ஏலாதாம்."

கத்தி நின்றது. கிழவி வாசலைப் பார்த்துக்கொண்டு, கேட்டும் கேட்காத குரலில் சொன்னாள்.

"என்னையும் அவன்தானே பிள்ளை ஸ்பொன்சர் பண்ணினவன்."

ஜெயனி திகைத்துப்போனாள். மகனுக்கு உடந்தை என்றல்லவா இந்த மனுசியை மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தாள்! அவளும் அதே டெலிபோனுக்குத்தான் நடுங்கியிருக்கிறாள்.

"உங்களையும் ஏலாது மாமி. நீங்களும் பி.ஆர். கிடைச்ச லாண்டட்தானே."

"கதையாதை. அவன் வாறான்."

அன்டன் வந்தான். சோறு ஆறியிருந்தது, அது போதும். சோற்றுக் கோப்பை சுவரில் சிதறியது. அவன் டெலிபோனைத் தூக்கினான்.

"அடியுங்கோ கோல்," என்றாள் ஜெயனி. "இப்பவே அடியுங்கோ."

அவன் முகம் கறுத்தது. அவளைத் தலைமயிரில் பிடித்து அறைக்குள் இழுத்துப் போனான். முதல் குத்தில் உதடு பிளந்தது. விழுந்தவளின் விலாவில் உதைத்தான். நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கழுத்தை நெரித்தான். வெளியே செபம் உயர்ந்துகொண்டே போனது. இதோடு சரி என்று நினைத்தாள் ஜெயனி.

செபம் பாதியில் நின்றது.

"அம்மா, ஏன் நிப்பாட்டினனீங்கள்?" அன்டன் கத்தினான். "சொல்லுங்கோ!"

குசினியிலிருந்து, செபம் சொன்ன அதே உரத்த குரல் வந்தது.

"பொலிஸ்! பொலிஸ்! மை சன்! கில்லிங்!"

அன்டன் கழுத்தை விட்டுவிட்டு ஓடினான். "உங்களையும் அனுப்பிப்போடுவன், வையுங்கோ போனை!"

"அனுப்படா," என்றாள் அக்னெஸ். ஒரு கையில் டெலிபோன், மறு கையில் வெங்காயக் கத்தி. அவன் பின்வாங்கினான்.

ஜெயனி சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்கு வந்தாள். கிழவி டெலிபோனை அவளிடம் நீட்டினாள். கண்கள் மகனை விட்டு விலகவில்லை.

"விலாசம் கேக்கினம் பிள்ளை. எனக்கு வாயில வருகுதில்லை."

ஜெயனி வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பிவிட்டு, வகுப்பில் படித்த பிரெஞ்சில் வீட்டு விலாசத்தைச் சொன்னாள்.