உலை அணைந்த பிறகு

மனைவி ரோகிணி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் பாண்டியராஜன் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தான். அன்றிலிருந்து அவள் போன் அடிக்கும்போதெல்லாம் யாரென்று எட்டிப் பார்க்கவும் செய்தான்.

அவன் வண்டியூரில் அலுமினியம் உருக்கும் பட்டறையில் வேலை பார்த்தவன். நாள் முழுக்க உலைக்கு முன்னால்தான் நிற்பான். குழந்தையில்லையே என்று போன வருடம் தனியாகப் போய்ப் பரிசோதித்துக்கொண்டபோது, விந்தில் உயிரணு மிகக் குறைவு, இருப்பதிலும் பெரும்பாலானவை செத்துக் கிடக்கின்றன என்றார் டாக்டர் கனகலட்சுமி. அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. வீட்டில், "எனக்கு ஒண்ணும் கொறை இல்லையாம்" என்று சொல்லிவிட்டான்.

பிறகு பட்டறை முதலாளிகளான அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்து உலை அணைந்தது. பாண்டியராஜன் தண்ணீர் கேன் வண்டி ஓட்டினான். ஆறேழு மாதம் கழித்து இப்போது இந்தச் செய்தி.

ரோகிணி ஆனையூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். கடைக்காரர் மகன் விக்ரம் இரண்டு முறை அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டான். "தலை சுத்துச்சு, அதான்" என்றாள். பாண்டியராஜன் தலையாட்டினான். மறுநாள் கடைக்கு எதிரே கேன் வண்டியை நிறுத்திவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தான். விக்ரம் ஏதோ சொல்ல, ரோகிணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

கேட்டால் தன் பொய் வெளியே வந்துவிடும். கையில் ஆதாரம் வேண்டும் என்று மறுபடி பரிசோதனைக்குப் போனான்.

கனகலட்சுமி முடிவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எண்ணிக்கை நல்லா ஏறியிருக்கே. உலை வேலையை விட்டுட்டீங்களா?"

அவன் விழித்தான்.

"போன தடவையே சொன்னேனே. விந்து உருவாகிற இடம் உடம்பை விடக் குளிர்ச்சியா இருக்கணும். சூடு ஏறினா அந்த செல்லுக்குள்ள சில ஜீன்கள் அடங்கிடும், சில ஜீன்கள் முழிச்சுக்கிட்டு செல்லைச் சாகடிச்சிடும். குரங்குகளுக்கு அந்த இடத்துல மட்டும் சூடு கொடுத்துப் பாத்திருக்காங்க, எண்ணிக்கை சரசரன்னு விழுந்திருக்கு. சூட்டை நிறுத்தினதும் சில மாசத்துல திரும்ப ஏறியிருக்கு. மூல செல் உயிரோட இருந்தா புதுசா உண்டாக்கிக்கும்."

"அப்ப பிள்ளை என்னுதுதானா டாக்டர்?"

சிரிப்பு நின்றது. "உங்களால முடியும்னுதான் இந்த ரிப்போர்ட் சொல்லும். மத்ததை ஏன் எங்கிட்ட கேக்குறீங்க?"

வீட்டில் ரோகிணி வாசலிலேயே நின்றாள். "ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டி நின்னுச்சாமே. ஒடம்புக்கு என்ன?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். விக்ரம் பெயரையும் சொன்னான்.

"அப்ப நான் வருசக் கணக்கா முழுங்குன மாத்திரை? ஒங்க ஆத்தா என்னைய மலடின்னு சொல்லும்போது பேசாம உக்காந்திருந்தீகளே?"

"ரோகிணி..."

"இன்னிக்கு ரிப்போர்ட் வேற மாதிரி வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

அவன் அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தான். அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் உள்ளே போய்த் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள்.

"கீழக்குயில்குடிக்குப் போறேன். எங்கம்மா வீட்டுக்குத்தேன். நம்பலைன்னா பின்னாலயே வாங்க."

அவன் பின்னால் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் தாயைக் கூட்டிக்கொண்டு போனான். மாமியார் வீட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும், குறை தன்னுடையதாக இருந்தது என்றும், தெரிந்தே அதை மறைத்ததாகவும் சொன்னான். அவன் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரோகிணி இருவருக்கும் காபி கொடுத்தாள். கிளம்பும்போது கூட வரவில்லை.

"பிள்ளை பொறக்கட்டும், பாப்போம்" என்று மட்டும் சொன்னாள்.