மேடா, பள்ளமா

மின்னலில் பற்றிய தீ, மதியத்துக்குள் மலையின் முதுகைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில், தெற்கு ஐடஹோ மாநிலத்தின் அந்த மூலைக்கு அரசாங்கத் தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் சாம்பலாகிவிடும். அதனால் அங்கே பண்ணைக்காரர்களே ஒரு படையாகச் சேர்ந்து தீயை அடக்குவார்கள். படைக்குத் தலைவி லோரேயா. அவளுடைய பிக்கப் வண்டியின் பானெட்டில் ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க ஒரு முனையில் அவளும் மறுமுனையில் மாரெனும் கையை ஊன்றியிருந்தார்கள்.

படம் பறவை ஆராய்ச்சியாளர் மாரென் போட்டது. சேஜ் கோழிகளைப் பற்றியது. சேஜ் என்னும் புதரின் அடியில், வெறுந்தரையில் முட்டையிடும் காட்டுக்கோழிகள். குஞ்சு பொரித்த அன்றே தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். எங்கே போகும், எந்த இடத்தை விட்டு எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் என்று முன்கூட்டிக் கணிப்பதுதான் மாரெனின் வேலை. மூன்று வருஷம் தாய்க்கோழிகளின் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டிப் பின்னாலேயே அலைந்திருந்தாள். புதரின் உயரம், புல்லின் அடர்த்தி, தண்ணீரின் தூரம் எல்லாவற்றையும் கணினிக்குள் கொட்டி எடுத்த படம் அது. குஞ்சு வளர்க்க நல்ல இடமெல்லாம் கருஞ்சிவப்பு. மேடு முழுக்க அந்த நிறம்தான். பள்ளம் வெளிறிய மஞ்சள்.

தீ இரண்டு கையாகப் பிரிந்து வந்தது. ஒரு கை மேட்டுக்கு, ஒரு கை பள்ளத்துக்கு. தீ தாண்டாதபடி புல்லை வழித்துக் கோடு வெட்டப் புல்டோசரோ ஒன்றே ஒன்று.

“சிவப்பா இருக்கறது மேடு. அப்ப மேட்டுக்கு முன்னாடி கோடு வெட்டறோம். சரிதானே?” என்றாள் லோரேயா.

புல்டோசர்காரர் வெண்டல் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். இலையுதிர்காலத்தில் அவருடைய மாடுகள் மேய்வது அந்த மேட்டில்தான்.

மாரெனுக்கு ‘சரி’ என்று சொல்ல வாய் வரவில்லை. காலையில் வரும்போது ரேடியோவில் ஒரு கோழியின் கழுத்துப்பட்டை ஒலி பள்ளத்துப் பக்கமிருந்து கேட்டது. பாறையில் பட்டுத் திரும்புகிறது என்று நினைத்து விட்டுவிட்டாள். இப்போது ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்தாள். அதே பக்கம், அதே ஒலி. அவள் கோழிகளின் பின்னால் அலைந்த மூன்று வருஷமும் நல்ல மழை. இந்த வருஷம் மே மாதத்திலிருந்து ஒரு சொட்டு இல்லை. குஞ்சுகள் கொத்தித் தின்னும் செடிகள் மேட்டில் வைக்கோலாகக் கிடந்தன. வறட்சி என்றால் என்னவென்று படத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்டது ஒரே ஒரு கோழி. ஒரு கோழியை நம்பி எப்படி?

பள்ளத்தில் இறங்கிப் பார்த்துவர அவகாசம் கேட்டாள். லோரேயா புகையைக் காட்டினாள். வெண்டல் பாதை பிரியும் இடத்துக்குப் போய்ச் சேரும் வரைதான் நேரம், அதற்குள் வாக்கி டாக்கியில் சொன்னால் உண்டு, இல்லையென்றால் மேடுதான் என்றாள்.

மாரென் ஓடினாள். பள்ளத்தில் இறங்க இறங்கப் புகை கண்ணைக் கரித்தது, ஒலி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒன்றும் அசையவில்லை. ஊற்றுக் கசிவை ஒட்டி மட்டும் பச்சை மிச்சமிருந்தது. அதில் கால் வைத்ததும் காலடியிலிருந்தே ஒரு தாய்க்கோழி படபடவென்று கிளம்பியது. பின்னாலேயே புறா அளவுக் குஞ்சுகள் தாழப் பறந்து விழுந்தன. இரண்டடி தள்ளி இன்னொன்று, கழுத்தில் பட்டை இல்லாதது. அதற்கப்பால் மற்றொன்று. பள்ளமெங்கும் குடும்பம் குடும்பமாகப் பதுங்கிக் கிடந்தன.

வாக்கி டாக்கியின் பொத்தானில் விரலை வைத்தாள். மேடு எரிந்தால் அந்தப் புதர்கள் அவள் ஆயுசுக்குள் திரும்பி வராது. அடுத்த வசந்தத்தில் இதே கோழிகளுக்கு முட்டையிட இடம் குறைந்துபோகும். பள்ளம் எரிந்தால் இந்த வருஷத்துக் குஞ்சுகள் இன்றோடு சரி.

“பள்ளத்துக்கு வாங்க,” என்றாள்.

வெண்டலின் குரல் கரகரத்தது. “டாக்டரம்மா, போன மாசம் கூட்டத்துல இதே படத்தைக் காட்டித்தான் மேட்டுல மாட்டைக் குறைன்னீங்க. இப்ப அந்த மேட்டையே கொளுத்தச் சொல்றீங்களா?”

“படம் மழை வருஷத்துல போட்டதுங்க. இந்த வருஷத்துக்குத் தப்பு.”

“மேட்டுல கோழியே இல்லன்னு அடிச்சுச் சொல்வியா?” என்று கேட்டாள் லோரேயா.

“சொல்ல முடியாது. ஆனா இங்க இருக்கறத கண்ணால பாத்துட்டேன்.”

“வெண்டல், கீழ திருப்பு. நானும் வர்றேன்,” என்றாள் லோரேயா.

புல்டோசரின் உறுமல் அப்படியே நின்றது. அவர் திரும்பப்போவதில்லை என்றே மாரென் நினைத்தாள். பிறகு புகையைக் கிழித்துக்கொண்டு அதன் இரும்பு அலகு பள்ளத்தின் விளிம்பில் தெரிந்தது. வெண்டல் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. மண் தெரிய அகலமாகக் கோடு கிழித்துக்கொண்டே போனார். ஒரு தடவை தீப்பொறி கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்தது. மாரெனும் லோரேயாவும் மண்வெட்டியால் அடித்து அடித்து அணைத்தார்கள். மாரெனின் புருவம் பொசுங்கியது. தீ கோட்டின் ஓரமாகவே முனகிக்கொண்டு வந்து ஓய்ந்தது. மேட்டில் மட்டும் அது யாருக்கும் அடங்காமல் எரிந்தது.

மறுநாள் மாரென் மேட்டுக்கு ஏறினாள். ஒரு பட்டையிலிருந்து ஒலி வேகவேகமாகத் துடித்தது. கோழி அசையாமல் கிடந்தால்தான் அப்படித் துடிக்கும். கரிக்கட்டையான ஒரு புதருக்கடியில் அது கிடந்தது. குஞ்சுகளைத் தேடினாள், கிடைக்கவில்லை. சாம்பலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வேலிக்கம்பங்களைப் பார்க்க வந்த வெண்டல் அருகில் வந்து நின்றார். கோழியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

“கீழ நிறைய இருக்கா?”

“இருக்குங்க.”

“எனக்கு இன்னும் கோவம் தீரல. என் புல்லெல்லாம் போச்சு.”

“தெரியும்.”

அடுத்த வருஷம் பள்ளத்துக் கோழிகள் எங்கே முட்டையிடும் என்று கேட்டார். தெரியாது, மறுபடியும் பின்னால் நடந்துதான் பார்க்க வேண்டும் என்றாள். அவர் ஓடைக்குத் தெற்கே கையைக் காட்டினார். அங்கே அவருடைய சொந்த நிலத்தில் பழைய புதர் கொஞ்சம் நின்றது.

“இந்த வருஷம் உழுதுடலாம்னு இருந்தேன். அங்க வருமா?”

“விட்டு வெச்சாத்தான் தெரியும்.”

தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினார் வெண்டல். நாலடி போய், திரும்பாமலே சொன்னார்: “ஒரு வருஷம். அதுக்கு மேல கேக்கக் கூடாது.”