எண்ணெய் வைக்கும் நேரம்

"சேச்சி, நாளையிலேந்து தலையில எண்ணெய் வைக்கப் பாடில்ல கேட்டோ. எண்ணெய் இருந்தா கரண்டு பிடிக்காது" என்றாள் ஷிஜா. ஆஸ்பத்திரியில் தலைக்குக் கரண்டு மெஷின் வைக்கிற மலையாளத்துப் பெண்.

எனக்குப் பகீரென்றது. பட்ட காலிலேதானே படும். என் மகன் ஜெபசிங்குக்குப் பத்தொன்பது வயது, ஆட்டிசம். யார் தொட்டாலும் அலறுவான். பெற்றவள் நான் தொட்டாலும்தான். காலையில் எண்ணெய் வைக்கும்போது மட்டும் என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் கொடுப்பான். அந்தக் கொஞ்ச நேரம் இருப்பதால்தான் தம்பானூர் ஓட்டலில் நாள் முழுக்கப் பாத்திரம் தேய்க்க எனக்குத் தெம்பு வரும்.

ஆனால் நான் போன பிறகு இவனை யார் பார்ப்பார்கள்? அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. நனைத்த ஸ்பாஞ்ச் இரண்டைத் தலையில் கட்டி, எறும்பு ஊர்கிற மாதிரிக் கொஞ்சமாகக் கரண்டு விடுவார்களாம். புத்தி தெளிகிறதா என்று சோதித்துப் பார்ப்பார்களாம். "உறப்பா ஒண்ணும் சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். சரி என்றேன்.

மறுநாள் காலை பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"இன்னைக்கு வேண்டாம் மக்களே."

பாட்டிலை என் மடியில் திணித்தான். நான் அசையவில்லை. சுவரில் போய் முட்டிக்கொண்டான். அடுத்த நாள் பாட்டிலை ஒளித்து வைத்தேன். தேடித் தேடி அழுதான். நானும் அடுப்படியில் நின்று அழுதேன். கர்த்தருக்குக் கண்ணே இல்லையா என்று வாய்விட்டுத் திட்டினேன். ஆஸ்பத்திரியில் கரண்டு விடும்போதெல்லாம் ஷிஜா மரக்கட்டைகளைக் கொடுத்து அடுக்க வைப்பாள்; அந்தக் கவனத்தில் அவள் தொடுவதையும் பொறுத்துக்கொண்டான். வாரங்கள் போகப் போக அவன் எண்ணெய் கேட்பதை நிறுத்திவிட்டான்.

கடைசியில், மரக்கட்டை அடுக்குகிற பரீட்சையில் முன்னைவிடத் தேறியிருக்கிறான் என்றார்கள். கரண்டாலா, அடுக்கி அடுக்கிப் பழகியதாலா என்று டாக்டரம்மாவுக்கே தெரியவில்லை.

"கொள்ளாமல்லோ சேச்சி, நல்ல காரியம்! இனி எண்ணெய் வச்சுக்கோ" என்று ஷிஜா சிரித்தாள். சந்தோஷப்படக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது. ஆனாலும் விழிஞ்ஞம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது விரல்கள் துறுதுறுத்தன.

விடிந்ததும் பாட்டிலோடு உட்கார்ந்து, "வா மக்களே" என்று கூப்பிட்டேன்.

வந்தான். நின்றபடியே பாட்டிலை வாங்கினான். உள்ளங்கையில் அளவாக ஊற்றி, ஒரு சொட்டும் சிந்தாமல் தானே தலையில் தேய்த்துக்கொண்டான். மூடியைத் திருகி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வாசலில் நின்று பார்த்த பக்கத்து வீட்டு ரோஸ், "ஸ்தோத்திரம்! தாசம்மா, உனக்கு ஒரு வேலை மிச்சம்ட்டி" என்றாள்.

"ஆமாட்டி" என்றேன். இதைக் கேட்டுத்தானே அலைந்தேன். ஓட்டலுக்கு நேரமாகியும் எழுந்திருக்க முடியாமல் கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.