மூடிக்குச் சைகை இல்லை

சிகாகோ ஜனவரியில் மனுஷன் இருக்கக்கூடாது. அதிலும் மிச்சிகன் ஏரி நடுவே, ஒரு பழைய பயணிகள் கப்பலின் தலையைச் சீவிப் பலகை அடித்த தளத்தில் நிற்கவே கூடாது. பசிபிக் போருக்குப் போகவேண்டுமானால் அந்தத் தளத்தில் எட்டு முறை விமானத்தை இறக்கிக் காட்டவேண்டும். ஜார்ஜியாக்காரன் வெண்டலுக்கு ஏழு முடிந்திருந்தது. அடுத்து அதே விமானத்தில் என் முறை என்பதால் அதன் இறக்கையில் ஏறி, உள்ளே உட்கார்ந்திருந்தவனை எட்டிப் பார்த்தேன். காது இரண்டும் வெளுத்துக் கிடந்தன.

"காது இருக்காடா?"

"தெரியல லாயிட். நீயே தொட்டுப் பாத்துச் சொல்லு. கடைசி ஒண்ணுதானே, மூடியைச் சாத்திக்கப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? தண்ணில விழுந்தா எப்படிடா வெளிய வருவே?"

"ஏழு தடவை விழல, எட்டாவதுக்கா விழப்போறேன்? போடா, காப்பி வாங்கி வை."

விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியைப் பின்னால் தள்ளித் திறந்துவைத்துத்தான் இறங்கவேண்டும் என்பது விதி. மேலே போனதும் சாத்திக்கொண்டான்.

தளத்தின் பின்முனையில் லெப்டினன்ட் மெர்ரில் இரண்டு மட்டைகளோடு நின்றார். உயரம் அதிகம், வேகம் குறைவு, சக்கரம் இறங்கவில்லை, தளத்துக் கம்பியில் மாட்டும் வால்கொக்கி தொங்கவில்லை, எல்லாவற்றுக்கும் அந்த மட்டைகளில் சைகை உண்டு. மூடிக்கு இல்லை. எவன் மூடப்போகிறான் என்று விட்டுவிட்டார்கள் போல! ரேடியோவோ காலையிலிருந்தே ஊமை.

வெண்டல் அழகாகத்தான் வந்தான். மெர்ரில் மட்டைகளைத் தலைக்கு மேல் ஆட்டி, இறங்காதே என்று விரட்டினார். "மூடித் தொலைச்சிருக்கான் பாரு, கழுதை!" என்று கத்தினார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அவன் சுற்றி வந்தான். மறுபடியும் விரட்டினார்.

மூன்றாம் முறை மெர்ரிலுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மட்டையைத் தன் தலைக்கு மேல் முன்னிருந்து பின்னாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். அப்படியொரு சைகை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

வெண்டலுக்குப் புரிந்துவிட்டது. ஐயோ, புரியாமலே இருந்திருக்கக்கூடாதா! வேகத்தைக் கூட்டும் கோலிலிருந்து கையை எடுத்து மூடியை இழுத்தான். பனி உறைந்து அது ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் பலமாக இழுத்தான். வேகம் குறைந்துகொண்டே வந்தது, கூட்டுவதற்குக் கை இல்லை. இடது இறக்கை சரிந்து, விமானம் எங்கள் கண்ணெதிரே மல்லாந்து ஏரியில் விழுந்தது.

மீட்புப் படகு உடனே போனது. போய் என்ன பிரயோஜனம்? வாலைப் பிடித்தார்கள், நழுவிவிட்டது. உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினான் என்று படகுக்காரன் வந்து சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம், பாவி.

"அடுத்தது யாரு?" மெர்ரில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான்தான் சார்."

"மூடி?"

"திறந்தே இருக்கும் சார்."

இன்னொரு விமானத்தில் ஏறிச் சுற்றி வந்தபோது தண்ணீரில் எண்ணெய் மட்டும் மினுங்கியது. என் காதும் மரத்துப்போயிருந்தது. கண் மறைத்துவிடும் என்று அழுகையை அடக்கிக்கொண்டேன். பின்முனையில் மெர்ரில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டியபடி நின்றார். எல்லாம் சரி என்பதற்கு அதுதான் சைகை.